நாரைக் கொட்டகையில் பேசக் கூடாது

ஜனவரி 9

என்னங்க,

நலம்தானே? முதலில் சிரித்து முடித்துவிடுங்கள், பிறகு படியுங்கள். ஏரிக்கரைப் பறவைக் காப்பகத்தில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் வேலையே!

இந்த நாரை இனம் உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சமாம். இங்கே முட்டையைப் பொரிக்க வைத்து, குஞ்சை வளர்த்து, அரசு ஏரியில் விடுகிறார்கள். உடம்பு முழுக்கச் சாம்பல் துணி போர்த்தி, நாரைத் தலை மாதிரித் தைத்த உறையைக் கையில் மாட்டி, அதன் அலகால் மீன் ஊட்ட வேண்டும். மனிதக் குரல் குஞ்சின் காதில் விழவே கூடாது. விழுந்தால் மனிதர்களை நம்பிவிடும், நம்பினால் வெளியே பிழைக்காது என்கிறார் மேலதிகாரி அம்மா. "உன்னால முடியுமாம்மா?" என்று சந்தேகமாகப் பார்த்தார். என்னைப் பற்றி யார் போட்டுக் கொடுத்தார்களோ!

உங்கள்
வாயாடி

ஜனவரி 30

அன்புள்ள வாயாடிக்கு,

இன்ஜின் அறையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. இங்கே தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது, அங்கே முணுமுணுத்தாலே குற்றம். நல்ல ஜோடிப் பொருத்தம் போ! தூக்கத்தில்கூடப் பேசுகிறவள் ஆயிற்றே நீ. அங்கே அடக்கியதையெல்லாம் எனக்கு எழுது.

கப்பல்காரன்

பிப்ரவரி 21

என்னங்க,

கடைசியாகப் பொரித்த குஞ்சு சரியான நோஞ்சான். மற்றவை மீனைப் பிடுங்கித் தின்கின்றன, இது வாயையே திறக்கவில்லை. டாக்டரும் கையை விரித்துவிட்டார். நேற்று என் மடியில் துவண்டு கிடந்தது. என்னையும் மீறி "வாடா கண்ணு, ஒரே ஒரு வாய்" என்று சொல்லிவிட்டேன்.

தலையைத் தூக்கிப் பார்த்ததுங்க! மீனைத் தின்றது. இன்று காலை மறுபடி துவண்டது. மறுபடி பேசினேன். தப்புதான், தெரியும். என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

உங்கள்
வாயாடி

மார்ச் 15

வாயாடி,

பேசு. செத்துப் போவதைவிடப் பேச்சுக் கேட்டுப் பிழைப்பது மேல். நான் பிழைக்கவில்லையா? நோஞ்சானை நானும் விசாரித்ததாகச் சொல்.

கப்பல்காரன்

செப்டம்பர் 2

என்னங்க,

நோஞ்சான் போய்விட்டான்.

போன மாதம்தான் ஏரியில் விட்டோம். என் தோள் உயரம் வளர்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் கரைக்குக் காரில் வந்திருக்கிறது. கூட வந்த சின்னப் பெண் "வா, வா" என்று கூப்பிட்டாளாம். மற்ற நாரைகள் பறந்துவிட்டன. இவன் மட்டும் நாணலை விட்டு நேராக அவர்களிடம் போயிருக்கிறான். நல்ல மனிதர்கள்தான், பிஸ்கட் கொடுத்திருக்கிறார்கள். கிளம்பும்போது கார் பின்பக்கமாக வந்தது. இவன் நகரவில்லை. மனிதர்கள் பேசிக்கொண்டிருக்கிற இடத்தில் அவன் எதற்குப் பயப்படுவான்?

அந்தக் கரையில் வண்டிகளைத் தடுக்கச் சொல்லி மேலதிகாரி அம்மா முன்பே எழுதிக் கேட்டதற்கு, பொது நிலம், தடுக்க முடியாது என்று பதில் வந்திருந்தது. ஆனால் கொன்றது கார் இல்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நீ பேசலேன்னா அப்பவே போயிருக்கும்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

உங்கள்
வாயாடி

நவம்பர் 11

வாயாடி,

பேசச் சொன்னவன் நான். பழியை என் தலையில் போடு. மூன்று துறைமுகம் ஆயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. திட்டியாவது எழுது. ஜனவரியில் வருகிறேன். உன் சத்தத்தைக் கேட்கத்தான் வருகிறேன்.

கப்பல்காரன்

டிசம்பர் 18

என்னங்க,

உங்கள் மேல் கோபம் இல்லை. கரையில் வண்டி வரக் கூடாது என்று இப்போது பலகை வைத்துவிட்டார்கள். புதுக் குஞ்சுகள் நன்றாக இருக்கின்றன. மனிதக் குரல் எங்கோ கேட்டாலே ஓடி ஒளிகின்றன. அம்மா என்னைப் பாராட்டினார். அழுகைதான் வந்தது.

வீட்டிலும் வாய் வரமாட்டேன் என்கிறது. பால்காரர் "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார், தலையை மட்டும் ஆட்டினேன். யாரையும் வா என்று கூப்பிட நாக்கு எழும்பவில்லை. நீங்கள் வந்து நிற்கும்போதும் "வாங்க" என்று சொல்வேனா, தெரியவில்லை. கதவைத் திறந்தே வைக்கிறேன். நீங்களாக உள்ளே வந்துவிடுங்கள்.

உங்கள்
மனைவி