சிக்னல் கிடைக்காத ஏரிக்கரை வீடு

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எழுதுகிறாரே என்று நினைப்பாய். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், அவளை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது.

விஷயம் அந்த ஏரிக்கரை வீடுதான். நான் வேலையை முன்கூட்டியே விட்டதிலிருந்து, அவ்வப்போது போய் இருக்க ஒரு சின்ன வீடு வாங்கலாம் என்று அம்மா நச்சரித்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். இரண்டு ரூம், ஒரு வராந்தா, பின்னால் இறங்கினால் தண்ணீர். விற்பவர் ஒரு பல் டாக்டர், முன்போல வந்து போக முடியவில்லையாம். எனக்கு வந்த பணத்தில் பாதி இதற்கே போய்விடும், அதனால் நான்கு நாள் தங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன். ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் சும்மா இருப்பேனா, போன உடனே கதவுக் கீலிலிருந்து குழாய் வாஷர் வரை எல்லாவற்றுக்கும் நொட்டை சொன்னேன். அம்மா அசையவில்லை. உள்ளபடி எனக்கு இருந்த ஒரே குறை, அங்கே போன் சிக்னல் கிடையாது. முழங்காலையும் பாராமல் ஏணி போட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், ஒரு கோடு கூட வரவில்லை. கீழே நின்ற டாக்டர் நான் தொட்டியில் ஏதோ விரிசலைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பயந்து, தானாகவே விலையைக் குறைத்துவிட்டார். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் நீ கூப்பிடும் நாள், அன்று கூப்பிட்டால் என்ன செய்வது? அதற்காகவே வேண்டாம் என்று சொல்லிவிட நினைத்தேன். அம்மாவுக்கும் அதே கவலைதான், வீட்டின் மேல் ஆசைப்பட்டுவிட்டுச் சொல்ல முடியாமல் இருக்கிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஞாயிறு மத்தியானம் பார்த்தால் அவள் போனைச் சமையலறை டிராயரில் போட்டுவிட்டு, வராந்தாவில் பாயை விரித்துக் குறட்டை விட்டுத் தூங்குகிறாள். நம் வீட்டில் அவள் ஞாயிற்றுக்கிழமை தூங்கி நான் பார்த்ததே இல்லை. குளிக்கப் போனாலும் போனை ஜன்னலில் வைத்துக்கொள்வாள், கடைக்குப் போகலாம் என்றால் தலைவலி என்பாள். எழுந்ததும் மெதுவாகக் கேட்டேன், இங்க சிக்னலே இல்லையே, புள்ள கூப்பிட்டா எப்படி என்று. அவள் சொன்னாள், "அதுக்குத்தாங்க இந்த வீடு வேணுங்கறேன். அங்க போன் அடிக்கலைன்னா, அவளுக்கு நேரமில்லையா, உடம்புக்கு ஏதாவதா, நம்ம ஞாபகமே இல்லையான்னு ராத்திரி வரைக்கும் மனசு அடிச்சுக்குது. இங்க அடிக்கலைன்னா சிக்னல் இல்லை, அவ்வளவுதான்."

லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் வந்தால் நான் போட்டது போட்டபடி ஓடிய காலத்தில், அது அடித்துவிடக் கூடாதே என்று இருந்தவள். நீ போனதிலிருந்து அடிக்காதா என்று இருக்கிறாள்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை வாலு. ஆஸ்பத்திரி வேலை எனக்குப் புரியாதா? வார்டில் ஒருத்தர் வலியில் துடிக்கும்போது அம்மாவுக்குப் போன் போடு என்று யார் சொல்வார்கள். ஒரு வாரம் கூப்பிட முடியாமல் போனால் அடுத்த வாரம் மூச்சு விடாமல் மன்னிப்புக் கேட்கிறாயே, அதைக் கேட்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. நீ என்ன தப்பு செய்தாய்?

நேற்று டாக்டருக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். இனி சனி, ஞாயிறு எங்களுக்கு அங்கேதான். அவசரம் என்றால் அங்கே பக்கத்து மளிகைக்கடையில் போன் இருக்கிறது, நம்பரை மாப்பிள்ளைக்கு அனுப்புகிறேன். மற்ற நாட்களில் நேரம் கிடைத்தால் பேசு. அம்மா சொன்னதை நான் எழுதிவிட்டேன் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே, என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாக நீண்ட காலம் இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை டியூட்டி முடிந்து வந்தால் போனைத் தேடாதே, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துத் தூங்கு. ஏரிக்கரையில் உன் அம்மாவும் தூங்கிக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா