ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

ஊரப்பாக்கம்,
9-11-2025, ஞாயிறு.

அன்பு மகள் ஜெபாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் என் துணியை நானே துவைத்து, என் சோற்றை நானே வடித்துக்கொள்ளும் அளவுக்குச் சுகமாக இருக்கிறேன். ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் அம்முக்குட்டியும் இதைவிட நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், நானும் மிச்சத்தை விழுங்கிவிடுவேன். இதில் நீ குறுக்கே பேச முடியாது, முழுவதும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. நம் குடியிருப்பின் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது, அதற்காக இன்னொரு தைலப் பாட்டில் அனுப்பாதே, முன்னே அனுப்பிய மூன்றும் பிரிக்காமல் இருக்கின்றன. எதிர் வீட்டு சரவணகுமார் மனைவி ஞாயிற்றுக்கிழமை தோறும் குழம்பு கொடுத்தனுப்புகிறாள், உப்பு கொஞ்சம் தூக்கல், ஆனாலும் அம்மா போனபிறகு எனக்கென்று யாரோ ஊற்றித் தருகிற குழம்பு என்பதால் மிச்சம் வைப்பதில்லை. வருகிற மே மாதம் ஓய்வு பெற்றதும் அங்கே வந்துவிடச் சொன்னாயே, அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஒரு சங்கிலிப் பறிப்பு. ஸ்கூட்டரில் போன ஒரு அம்மாளின் கழுத்தில் கைவைத்து இழுத்திருக்கிறார்கள், அவர் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து இன்றுவரை படுக்கையில் இருக்கிறார். இழுத்தது இரண்டு தடியன்கள், பைக் ஓட்டியது ஒரு பையன். அந்த அம்மாளை நான் போய்ப் பார்த்தேன், அதனால் பையன் செய்தது சின்னத் தப்பு என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். பையனுக்குப் பதினேழு வயது என்று அவன் தாய் செங்கம்மாள் சொன்னதால் எங்கள் இளைஞர் நீதிக் குழுமத்துக்குக் கொண்டுவந்தார்கள். பதினெட்டு நிரம்பாதவன் என்றால் கூர்நோக்கு இல்லம், தொழில் பழக்கம், பிறகு வீடு, நன்னடத்தை அலுவலர் என்று நான் ஒருவன் பின்னாலேயே போய்க்கொண்டிருப்பேன். நிரம்பியவன் என்றால் பெரியவர்களின் ஜெயில், அதுவும் அந்த இரண்டு தடியன்களும் இருக்கிற அதே ஜெயில். வயதுக்கு ஆதாரம் தேடிக் கொடு என்று குழுமம் என்னிடம் சொன்னது. பையன் வீட்டில் பிறந்தவன், பிறப்பைப் பதியவில்லை. பள்ளிப் பதிவேடு இருந்தால் சட்டத்தில் அதுதான் முதலில் நிற்கும், அது இல்லை என்றால்தான் எலும்புப் பரிசோதனை. எந்தப் பள்ளி என்று கேட்டேன். சதுரங்கப்பட்டினத்துக்கு அந்தப் பக்கம் நம் அம்மா பதினோரு வருஷம் வேலை பார்த்தாளே, அந்தத் தொடக்கப் பள்ளி.

சேர்க்கைப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் தூசி தட்டிக் கொடுத்தார். 2012-ஆம் வருஷப் பக்கத்தைத் திறந்தேன் ஜெபா. உன் அம்மாவின் எழுத்து. 'சா' போடும்போது காலை அவள் கொஞ்சம் நீட்டி இழுப்பாளே, அதே எழுத்து. அந்தப் பக்கத்தில் பதினாலு பிள்ளைகள், அதில் ஒன்பது பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். நம் பையனும் அதில் ஒருவன், 1-6-2007. அதன்படி சங்கிலி பறித்த நாளில் அவனுக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

செங்கம்மாளைக் கேட்டேன். கடற்கரை ஓட்டலில் பெட்ஷீட் துவைக்கிறவள், அன்றும் கையெல்லாம் வெளுத்துப்போய் வந்து நின்றாள். மாசி மகம் முடிந்த அடுத்த வாரம் பிறந்தவன், பள்ளியில் சேர்த்தபோது நாலு வயசுதான் என்றாள். பால்வாடியை மத்தியானமே மூடிவிடுவார்கள், அதற்குப்பிறகு பிள்ளை தனியாகக் கடலோரம் திரிவான், பள்ளியில் போட்டால் சத்துணவும் கிடைக்கும், நாலு மணிவரை பத்திரமாகவும் இருப்பான் என்று டீச்சரிடம் கெஞ்சியிருக்கிறாள். அஞ்சு வயது ஆகாமல் சேர்க்க முடியாது. உன் அம்மா ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டாள். அவள் எழுதியிருப்பாள், எனக்குத் தெரியும். எந்தப் பிள்ளையையும் வாசலோடு திருப்பி அனுப்பத் தெரியாதவள் அவள். ஒன்பது மாதம் கூட்டி எழுதியதால் ஒருவனுக்கு ஜெயில் வரும் என்று அவள் கனவா கண்டாள்?

குழுமத்தில் எதையும் மறைக்கவில்லை. இதை எழுதியவர் காலஞ்சென்ற என் மனைவி சாராள் என்றும், தெரிந்தே தவறான தேதி போட்டார் என்றும் என் அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இறந்துபோன உன் அம்மாவின் பெயரை சர்க்கார் காகிதத்தில் குற்றத்தோடு சேர்த்து எழுதிவிட்டேன், வேறு யாராவது உன்னிடம் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். கோபம் வந்தால் கோபித்துக்கொள், உனக்கு உரிமை உண்டு. மாஜிஸ்ட்ரேட் அம்மா என் அறிக்கையை இரண்டு முறை படித்தார். உங்கள் சொல்லை நான் நம்புகிறேன், ஆனால் பதிவேட்டை மீற ஒரு காகிதமாவது வேண்டும் என்று பத்து நாள் அவகாசம் கொடுத்தார்.

காகிதம் ஒன்று இருந்தது ஜெபா. அம்மா ஒரு நீள நோட்டு வைத்திருந்தது உனக்கு நினைவிருக்கும். பதிவேட்டில் எந்தத் தேதியைப் போட்டாலும், பிள்ளைகளின் தாயைக் கேட்டு நிஜப் பிறந்தநாளை அந்த நோட்டில் எழுதிக்கொள்வாள், அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குத் தேன்மிட்டாய் கொடுப்பாள். மிட்டாய் பாக்கெட்டைச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் வாங்கி ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு வந்தவன் நான்தான். உனக்கென்ன பிறந்தநாள் ஆபீசா என்று கேலி செய்தவனும் நான்தான். ஒருநாள்கூட அதைப் புரட்டிப் பார்த்ததில்லை. அந்த நோட்டில் ஒரே ஒரு வரி கிடைத்திருந்தால் போதும்.

அம்மா போய் மூன்றாம் மாதம் வீடு மாறும்போது, நான் வரும்வரை அம்மாவின் சாமான் எதையும் தொடாதீர்கள் என்று போனில் சொன்னாய். நான் கேட்கவில்லை. அந்த எழுத்தைப் பார்க்கப் பார்க்கத் தாங்க முடியாமல் அவள் புத்தகம், நோட்டு எல்லாவற்றையும் மூட்டைகட்டிப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். அந்த வருஷம் ஜூலையில் நீ வந்து அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு அழுதாய். வீட்டில் இடமில்லை என்று நான் உன்மேலேயே எரிந்து விழுந்தேன். இடம் இருந்தது ஜெபா, அன்றைக்குச் சொன்னது பொய். போன மாதம் அந்தப் பேப்பர் கடைக்குப் போய் நின்றேன். கடைக்காரர் திருநாவுக்கரசு பாவம் நல்ல மனுஷன், குடோனைத் திறந்துவிட்டு நீங்களே பாருங்கள் என்றார், அதெல்லாம் ஒன்றரை வருஷத்துக்கு முந்தியே மில்லுக்குப் போய்ப் பழைய கதையாகிவிட்டது என்பதையும் சொன்னார். அப்படியும் ஒரு பகல் முழுக்கத் தேடினேன்.

பத்து நாள் முடிந்தது. போன வியாழக்கிழமை குழுமம் பதிவேட்டுத் தேதியையே ஏற்றுக்கொண்டது, அவர்கள்மேலும் குறை சொல்ல முடியாது. வெளியே வந்து செங்கம்மாளிடம் நோட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். தூக்கிப் போட்டது நான்தான் என்றும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து, "நோட்டு போனா போவுது சார். டீச்சரம்மா இன்னா பண்ணும், நான்தான அது கால்ல வுழுந்தேன். ஒருவேள சோத்துக்குத்தான் சார் சேத்தேன்" என்றாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

இல்லத்தில் முதல் மாதம் வாய் திறக்காமல் இருந்த பையனுக்கு, வயரிங் கற்றுக்கொடுக்க ஆரம்பித்ததும் பேச்சு வந்தது, என் அறை மின்விசிறியைக்கூட அவன்தான் சரிசெய்தான். வியாழக்கிழமை போலீஸ் வண்டியில் ஏறப்போகும்போது திரும்பி, "அங்க நீ வருவியா சார்?" என்று கேட்டான். பெரியவர்களின் ஜெயிலில் எனக்கு வேலை இல்லை, அந்த வாசலில் நானும் மனுப் போட்டு நிற்கிற ஒரு வெளியாள்தான். தலையை மட்டும் ஆட்டினேன்.

இலவச சட்ட உதவி வக்கீல் தாமோதரன் மேல்முறையீடு செய்யப் போகிறார். அம்மாவோடு வேலை பார்த்த டீச்சர்கள் யாராவது சாட்சி சொல்வார்களா என்று ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் கதவைத் திறந்து காபி கொடுத்தார்கள், பேச்சை எடுத்ததும் பென்ஷன் பயம் வந்துவிட்டது. அதனால் ஜூன் மாதத்துக்கு எனக்கு டிக்கெட் போட்டுவிடாதே, இது ஒரு முடிவுக்கு வராமல் என்னால் கிளம்ப முடியாது. மாப்பிள்ளையிடம் நீயே பக்குவமாகச் சொல். அம்முவைக் குளிரில் வெறுங்காலோடு விடாதே. நீயும் ராத்திரி வேலை ராத்திரி வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

மறக்காமல் ஒன்று செய். இந்த முப்பது வருஷத்தில் என்னிடம் வந்த ஒரு பிள்ளையின் பெயரையும் நான் வீட்டில் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. சிறுவர்களின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். வியாழக்கிழமையோடு இவன் சிறுவன் இல்லை என்று ஆகிவிட்டது, இனி சொல்லத் தடையில்லை. அவன் பெயர் பிரவின்குமார். ஜெபத்தில் பெயரைச் சொல்லியே வேண்டிக்கொள்.

உன் அன்பு அப்பா,
ஏசுதாஸ்