ஜிலேபிக் கெண்டையாகிப் போன நம் கடை மீன்

ஏற்காடு,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ரிஸ்வானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அத்தா, உன் தங்கை சனா, நான் மூவரும் அல்லாஹ்வின் அருளால் நலம், இன்று தலைகால் புரியாத சந்தோஷம் வேறு. குவைத்தில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் சிரித்தே கெடுத்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் நம் வளர்ப்பு மீன் கடைக்குச் செவரம் என்ற அலங்கார மீனின் குஞ்சுகள் வந்திருந்தன. தொட்டிக்கு வாங்க வந்த ஹோட்டல் மேனேஜர் லோகேஷ், "ஏனுங்க பாய், இது கொழம்பு வெக்கற ஜிலேபிக் கெண்டையாட்டம் இருக்குதுங்களே" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டார். இருபது வருடத்தில் ஒரு மீனைக்கூடப் பெயர் மாற்றி விற்றதில்லை என்று அத்தாவுக்கு வந்ததே கோபம், துடுப்பில் துளி வெட்டிச் சேலத்தில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டார். கடைச் சாமானில் கோடு கோடாக அச்சடித்திருக்குமே, அதுபோல ஒவ்வொரு மீன் இனத்துக்கும் உடம்புக்குள்ளேயே அடையாளம் உண்டாம், டிஎன்ஏ பார்கோடிங் என்கிறார்கள், குஞ்சாக இருந்தாலும் தெரிந்துவிடுமாம். முடிவு வந்தது, ஜிலேபிக் கெண்டையாம்! ஊரே சிரித்தது, அத்தா இரண்டு நாள் கடை திறக்கவில்லை, சோறும் இறங்கவில்லை. எனக்கோ அப்போதுதான் நினைவு வந்தது கண்ணு, துடுப்பு வெட்ட நான் எடுத்துக் கொடுத்தது சமையலறைக் கத்தரிக்கோல், அன்று காலைதான் அதில் ஒன்றரைக் கிலோ ஜிலேபிக் கெண்டை சுத்தம் செய்து சும்மா துடைத்து வைத்திருந்தேன், அதன் சதைதான் ஒட்டிக்கொண்டு ஆய்வகம் வரை போயிருக்கிறது. உண்மையைச் சொல்லப் பயந்து, "எதுக்கும் இன்னொருக்கா அனுப்பிப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். சனா புது பிளேடால் வெட்டி அனுப்பினாள்.

இன்று இரண்டாவது முடிவுத் தாள் வந்துவிட்டது, அசல் செவரம்! அத்தா தாளைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடந்தார், லோகேஷ் மன்னிப்புக் கேட்டு இருபது குஞ்சு வாங்கிப் போனார், நான் பாயசம் வைக்கிறேன் என்று உப்பைப் போட்டுவிட்டேன். பிறகு சனா அந்தத் தாளை வாசித்தாள். கடைசியில் ஒரு வரி, முதல் தடவை சமையல் மீன் வெட்டிய கத்தரிக்கோலைத் தாமே கழுவாமல் எடுத்துவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார் என்று. தாமேயாம்! அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டிருக்கிறார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வர, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று போய் நின்றேன். "நொம்பப் பேசாத ஜரீனா, தொட்டிக்குத் தண்ணி மாத்தோணும்" என்று திரும்பிக்கொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

உனக்கும் இப்படி ஒரு மனசை அல்லாஹ் கொடுக்கட்டும், நீண்ட ஆயுளோடு இரு. வெயிலில் அலையாதே. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அத்தாவிடம் இதைக் கேட்டுவிடாதே, வெட்கப்பட்டு போனை வைத்துவிடுவார்.

உன் அம்மா,
ஜரீனா