‘அய்யா வரல’ என்று நான் பாடியபோது நீங்கள் மிளகாய்க்குக் களை எடுத்துக்கொண்டிருந்தீர்கள்

என் பிரியமுள்ள அய்யாவுக்கு,

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. கண்மாய் வற்றிக் கிடக்கிறது. மழை விழுந்ததும் மிளகாய் போட்டே தீருவேன் என்று அம்மா நிற்கிறாள். இப்படியே ஊர்ச் சேதி சொல்லிக்கொண்டு போனால், சொல்ல வந்ததைச் சொல்லாமலே கடிதத்தை முடித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

நானும் தொண்டி ஆரோக்கியமும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ராப் குழு வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். ‘கருவாட்டுக் கும்பல்’ என்று பேர் சொன்னபோது, “வேற பேரே கெடைக்கலையாலே?” என்று கேட்டீர்கள். ராமநாதபுரத்தில் ஆரோக்கியத்தின் வாடகை அறையில், சத்தம் உள்ளே வராமலிருக்க ஜன்னலுக்குப் போர்வை கட்டி, போன கார்த்திகையில் எங்கள் முதல் ஆல்பத்தை முடித்தோம். எட்டுப் பாட்டு. நாங்களே இணையத்தில் போட்டோம். ஏழு பாட்டை ஒருத்தரும் சீண்டவில்லை. ‘அய்யா வரல’ மட்டும் பரவியது. துபாயில் இருக்கும் கீழக்கரைப் பையன்கள்கூட அதைக் கேட்டுவிட்டு எழுதினார்கள்.

அது ஆரோக்கியத்தின் கதை. அவனுக்கு ஒன்பது வயதில் கடலுக்குப் போன அவன் அப்பா திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. ‘அப்பா வரல’ என்றுதான் எழுதியிருந்தான். மைக் முன்னால் நின்றால் அவனால் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. “நீ பாடுடா” என்று தாளை என்னிடம் கொடுத்தான். உங்களை அய்யா என்றே கூப்பிட்டு வளர்ந்த எனக்கு அப்பா என்ற சொல் வாயில் ஒட்டவில்லை. அய்யா என்று மாற்றிக்கொண்டேன்.

அதுவரைக்கும் தப்பில்லை. பிறகு யூடியூப் சேனல் நடத்தும் ஒருவர் எங்களைப் பேட்டி எடுக்க வந்தார். “பாட்டுல வர்றது உங்க சொந்தக் கதையா ப்ரோ?” என்று கேட்டார். ராப் பாட்டில் சொந்தக் கதைக்குத்தான் முதல் மரியாதை அய்யா. பாடுகிறவன் பட்டிருக்க வேண்டும். எனக்கு என்ன இருந்தது? காரை வீடு, நாலு ஏக்கர் மிளகாய், ஃபீஸ் கட்டிப் படிக்க வைத்த நீங்கள். “ஆமா ப்ரோ, எங்கய்யா கடல்ல போனவருதான்” என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆரோக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

தை கடைசியில் நீங்கள் போன் செய்தீர்கள். “பாட்டு நல்லாப் போகுதாமே. இப்ப ஊருக்கு வர வேணாம்ப்பா. சோலியப் பாரு. மிளகா எடுக்க நாங்க ஆள் வச்சுக்கிறோம்” என்றீர்கள். வேலை தப்பியது என்று சந்தோஷப்பட்டேன். ஏன் வர வேண்டாம் என்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரண்டு மாதம் உங்களைப் பார்க்கவே வரவில்லை. பங்குனியில் நீங்கள் மிளகாய் காயப்போட்ட களத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதும் நான் பக்கத்தில் இல்லை.

அன்றைக்கு நான் செய்ததைக் கேளுங்கள். சித்தப்பா மகன் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தான். மகன் என்று என் பேரைப் போட்டிருந்தான். யாராவது படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டால்? “எம்பேரு வேணாம்டா, குடும்பத்தார்னு மட்டும் போடு” என்றேன். உங்கள் பாடை முற்றத்தில் இருந்தது. என் கவலை பேனரில் இருந்தது. கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை அய்யா. உங்களைத் தூக்கிய நாலு பேரில் ஆரோக்கியமும் ஒருவன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு அம்மா சொன்னாள். தை கடைசியில், நீங்கள் எனக்குப் போன் செய்ததற்கு முந்தின நாள், இரண்டு பேர் பைக்கில் வந்தார்களாம். ‘அய்யா வரல’ பாடியவரின் வீட்டை வீடியோ எடுக்க வேண்டும், இறந்துபோன அப்பாவின் போட்டோ வேண்டும் என்று கேட்டார்களாம். கேட்டது உங்களிடம்.

“அவுக அய்யா கடல்ல போயிட்டாரு தம்பி. நான் அவனுக்குப் பெரியய்யா மொறை. போட்டோ ஒண்ணும் இல்ல” என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பினீர்களாம். வாசலில் நின்ற அம்மா, தாலியைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாளாம்.

“எதுக்கு இப்படிச் சொன்னீகன்னு கேட்டேன். புள்ள ஏதோ தெரியாம சொல்லிட்டான், நாலு பேரு முன்னாடி அவன் பொய்யனாகக் கூடாதுன்னாரு. அப்புறம் அந்தப் பாட்ட ஏம்போன்ல போடச் சொல்லி முழுசாக் கேட்டாரு. ‘நாஞ் செத்தா நல்லா அழுவாம்போல’ன்னு சிரிச்சாரு” என்றாள் அம்மா.

அன்றைக்குத்தான் அழுதேன். அம்மா ஆறுதல் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

தொண்டிக்குப் போய் ஆரோக்கியத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டியன்று ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டேன். “சொல்லியிருந்தா அங்கனயே நீ அசிங்கப்பட்டிருப்ப. ஆனா அது எங்கப்பாடா. பாடத்தான் ஒனக்குக் குடுத்தேன். வச்சுக்கச் சொல்லல” என்றான்.

நான் பாடியதை இணையத்திலிருந்து நீக்கிவிட்டோம். ஆரோக்கியமே ‘அப்பா வரல’ என்று பாடிப் பதிவு செய்திருக்கிறான். இரண்டு இடத்தில் குரல் உடைகிறது. திரும்ப எடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம். பழைய பாட்டு இருந்த இடத்தில் இந்தக் கடிதத்தைப் போடுகிறேன். திட்டுவார்கள். திட்டட்டும்.

அய்யா, என்னைக் காப்பாற்ற நீங்கள் உங்களையே இல்லை என்று சொன்னீர்கள். வருகிற சனிக்கிழமை தேவிபட்டினத்தில் எங்களுக்கு மேடை இருக்கிறது. அம்மாவை முன்வரிசையில் உட்கார வைப்பேன். பாடுவதற்கு முன்னால் உங்கள் பேரையும் ஊரையும் சொல்லுவேன். கடலில் கால் நனைத்ததைத் தவிர அதில் இறங்காத மனுஷன், மிளகாய் போட்டவர், பங்குனியில்தான் செத்துப்போனார் என்று சொல்லுவேன். அதற்குப் பிறகு யாராவது இருந்தால் பாடுவேன்.

உங்கள் மகன்,
கதிரேசன்