ஒரு மீட்டர் விறகு

மே 14

அன்பு மகள் தேயோனாவுக்கு,

அப்பா ஷால்வா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் லாரியும் சுகம். லாரிக்கு மட்டும் இருமல் நிற்கவில்லை.

ஊருக்குள் ஒரு பேச்சு. இனிமேல் குளிர்கால அடுப்புக்கான பள்ளிக்கூட விறகைத் தலைமை ஆசிரியர் வாங்க மாட்டாராம். எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்துத் தலைநகர் திபிலிசியில் ஒரே அலுவலகம், கம்ப்யூட்டரில் ஏலம் விட்டு, குறைந்த விலை சொல்பவரிடம் வாங்குமாம். அந்த அலுவலகத்தில் நீ இருக்கிறாய் என்று தெரிந்ததும் ஊரே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. “உனக்கென்னய்யா கவலை, பொண்ணு கையிலதானே சாவி!” நானும் பெரிய மனிதன் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டேன். பிறகுதான் பயம் வந்தது. பள்ளிக்கு விறகு விற்றுத்தான் நம் வீட்டுச் சாப்பாடே ஓடுகிறது என்பது உனக்குத் தெரியாததா?

மினிபஸ் டிரைவரிடம் புகைபோட்ட பன்றித்தொடை ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறேன். பாதி உனக்கு, பாதி உன் மேலதிகாரிக்கு. வேறொன்றும் இல்லை, சும்மா ஒரு மரியாதை.

உன் அப்பா,
ஷால்வா

மே 19

அன்புள்ள அப்பாவுக்கு,

பன்றித்தொடை அதே மினிபஸ்ஸில் திரும்பி வருகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். அலுவலகத்துக்கு வரும் பரிசு எதுவானாலும் ஊர் உலகம் பார்க்கும் இணையப் பக்கத்தில் எழுதியாக வேண்டும். எழுதிவிட்டேன். அதன் வாசனையில் இரண்டு மாடிக்காரர்கள் வேலையே செய்யவில்லை என்பதை மட்டும் எழுதவில்லை.

எந்த விறகு, எவ்வளவு நீளம் என்ற விவரக்குறிப்பை எழுதியவள் நான். நீங்களோ ஏலம் கேட்பவர். அதனால் நம் மாவட்டத்துக்கு முடிவு சொல்லும் குழுவிலிருந்து விலகிக்கொண்டேன். முடிவு வரும்வரை உங்களோடு பேசவும் மாட்டேன். அம்மாவோடும்தான், அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். கடிதம் எழுதினால் பிரிக்காமல் வைத்திருப்பேன்.

இது முதல் வருடம். இந்தப் புது ஏல முறை தோற்காதா என்று காத்திருப்பவர்கள் நிறைய. ஒரு தப்பு போதும், முதலில் போவது என் வேலைதான்.

அன்புடன்,
தேயோனா

ஜூன் 8

அன்பு மகளுக்கு,

பிரிக்க மாட்டாய் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

பஞ்சாயத்துக் கட்டடத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஸிஸானாவிடம் போனேன். உங்கள் அலுவலகப் பக்கத்தைத் திறந்தவுடனே அவள் கத்தினாள்: “ஷால்வா, உன் பன்னித்தொடை வந்திருக்குய்யா! ‘ஒன்று, திருப்பி அனுப்பப்பட்டது.’ எடைகூடப் போட்டிருக்கா பாரு உன் பொண்ணு!” சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. ஒரு தொடைக்கறியைக்கூட ஒளிக்க முடியாத இடம் அரசாங்கத்தில் இருக்கிறதா? தேவாலயத்துக்குள் நுழைந்துவிட்டவன் மாதிரி தொப்பியைக் கழற்றிவிட்டேன்.

அப்புறம் உன் விவரக்குறிப்பைப் படித்தாள். “நீளம்: ஒரு மீட்டர்.”

அம்மாடி, வகுப்பில் இருக்கும் இரும்பு அடுப்பில் அதில் மூன்றில் ஒரு பங்குதானே நுழையும்! நீ ஏன் அப்படி எழுதினாய் என்பதும் புரிந்தது. நம் வாசலில் லாரி ஏறும்போது நீ பார்த்ததெல்லாம் ஒரு மீட்டர் கட்டைகள். ஆகஸ்ட் விடுமுறையில், பள்ளிக்குப் பின்னால் நின்று நான் அவற்றை அறுத்துப்போடுவதை நீ பார்த்ததில்லை. அது எந்தக் காகிதத்திலும் இல்லாத வேலை. யாரும் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஏலம் எனக்குத்தான். மீட்டர் கட்டையை என் விலைக்கு யாரும் தர முடியாது. குட்டையாக அறுத்துத்தான் தர வேண்டும் என்றால், பக்கத்துப் பள்ளத்தாக்கு விறகு வியாபாரி கெலாவிடம் இயந்திரம் இருக்கிறது; என்னிடம் ஒரு கைரம்பமும் முதுகுவலியும்தான். ஆனால் அக்டோபரில் ஊர் ஊராக வாத்தியார்கள் மீட்டர் கட்டையோடு நிற்பார்கள். எழுதியது யார் என்று கேட்பார்கள்.

உன் காதோடு சொல்லலாமென்றால் நீ காதைப் பொத்திக்கொண்டாய்.

அம்மாவிடம் சொன்னேன். “பொண்ணா, விறகான்னு உட்கார்ந்து யோசிக்கிறியா நீ?” என்றாள். எழுந்துவிட்டேன்.

அப்பா

ஜூன் 15

மகளே,

கேட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாமாம். கேட்டவன் பெயர் தெரியாதாம். இரண்டு விரலால் தட்டினேன். ஸிஸானா, “மெதுவாத் தேடு, எழுத்து எங்கயும் ஓடிடாது. இந்த ராச்சா மலைக்காரங்க எல்லாருமே இப்படி ஆமைதானா, இல்ல நீ மட்டுமா?” என்று மானத்தை வாங்கினாள். நான் கேட்டது இவ்வளவுதான்: “ஐயா, பள்ளி அடுப்பின் வாயை யாராவது அளந்து பார்த்தீர்களா?”

மூன்றாம் நாள் பதில். அளந்து பார்த்தார்களாம், கேட்டது சரியாம். எல்லா மாவட்டத்துக்கும் விறகை அறுத்தே தர வேண்டுமென்று மாற்றிவிட்டார்கள்.

நான் வெளியே வந்து லாரிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாத ஒருவன் கேட்டான். நான் கால் வைத்திராத மலைகளில், கடலோரத்தில், விறகெல்லாம் குட்டையாகிவிட்டது. இந்த வயதில் எனக்கு எதுவும் இவ்வளவு பெரிதாகத் தெரிந்ததில்லை.

கெலாவும் அதைப் படித்திருப்பான்.

அப்பா

ஆகஸ்ட் 3

தேயோனா,

தோற்றுவிட்டேன்.

மூன்று சுற்று. நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் முதல் சுற்று முடிந்தது. இரண்டாவதில் விலையை இறக்கினேன். மூன்றாவதில் இன்னும் கொஞ்சம் இறக்கினால் லாரிக்கு டீசல் போட முடியாது. நின்றுவிட்டேன். கெலா இறக்கினான்.

சாயங்காலம் அவனே போன் செய்தான். “ஷால்வா அண்ணே, அந்த அடுப்புக் கேள்விய எந்தப் புண்ணியவான் கேட்டான்னு தெரியுமா? அவனுக்கு ஒரு ஜாடி ஒயின் கடன்பட்டிருக்கேன்.”

“எவனோ மடையன்பா,” என்றேன்.

முன்பெல்லாம் ஓர் ஒப்பந்தம் கை நழுவினால், யார் யாருக்கு என்ன கொடுத்தான் என்று ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருப்பேன். இந்தத் தடவை தோற்றதற்குக் காரணம் திரையிலேயே இருந்தது. நன்றாகத் தூங்கினேன். காலையில்தான் லாரியை விற்கலாமா என்று யோசனை வந்தது.

அப்பா

ஆகஸ்ட் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்று காலை மூன்று கடிதங்களையும் வரிசையாகப் பிரித்தேன்.

அந்தக் கேள்வி வந்த அன்று, மேலதிகாரி அதைக் கூட்டத்தில் உரக்கப் படித்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பி, “போம்மா, போய் அளந்து பாரு,” என்றார். பிறகு, “யாருய்யா இந்த மனுஷன்? இவன்ல இங்க உக்காந்திருக்கணும்!” யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. எங்கோ ஓர் அடுப்பின் பக்கத்தில் நிற்கும் ஒருவர், நான் யாரென்றே தெரியாமல் என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன். அன்று மாலை தேவாலயத்தில் அந்தப் பெயர் தெரியாதவருக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன்.

லாரியை விற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அடுத்த வருட விவரக்குறிப்பையும் நான்தான் எழுதுகிறேன். நீங்கள் ஏலம் கேட்பதானால், வசந்தம் வந்ததும் மறுபடி காதைப் பொத்திக்கொள்வேன்.

அதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. சனிக்கிழமை வருகிறேன். அந்தப் பன்றித்தொடை இன்னும் தொங்குகிறதா? கத்தியைத் தீட்டி வையுங்கள். இந்த முறை அதை நான் எங்கேயும் எழுத வேண்டியதில்லை.

உங்கள் மகள்,
தேயோனா