கூடத்தம்மாவின் முதுகு

லுவோ வளைவு
1966 செப்டம்பர் 6, இரவு

அன்புள்ள குய்யிங் அக்கா,

இதை யாருக்கும் காட்டாதே. அத்தானுக்கும் காட்டாதே. படித்த கையோடு அடுப்பில் போட்டுவிடு. தெப்பக்கார யாங் மாமாவிடம் காய்ந்த மிளகாய் என்று சொல்லித்தான் இந்தப் பையைக் கொடுத்தனுப்புகிறேன். அடியில் தேடு. தேடிய விரலால் கண்ணைத் துடைத்துக்கொள்ளாதே.

நேற்றுப் பள்ளி மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். துவான் ஹோங்கை உனக்கு நினைவிருக்கும். பசிப் பஞ்சத்தில் செத்துப்போன துவான் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நம் அத்தையின் மகள். இப்போது அவள்தான் எங்கள் பள்ளிச் செங்காவலர்களுக்கெல்லாம் தலைவி. கையில் சிவப்புப் பட்டை, இடுப்பில் தோல் பெல்ட். மேசைமேல் ஏறி நின்று சொன்னாள்: "பதிமூணாம் தேதிக்குள்ள வீட்டுக்கு வீடு பழசெல்லாம் வெளிய வரணும். சாமி, வம்சப் புத்தகம், மரப்பொம்மை எல்லாம். எந்த வீடு ஒளிச்சு வைக்குதோ, அந்த வீட்டுப் பெரிய மனுஷனுக்குக் காகிதக் குல்லா மாட்டி ஊரைச் சுத்த வைப்போம்."

பிறகு என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். "ஏய் ஹேமியாவ், உங்க வீட்டு மரக்கிழவி சௌக்கியமா? நடக்க முடியலன்னா சொல்லு, நாங்களே வந்து தூக்கிட்டு வரோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் எண்ணெய்ச் செக்கிலிருந்து வந்து கால்கூடக் கழுவவில்லை. மாடத்தில் உட்கார்ந்திருக்கும் நம் குலத்தாய் கூடத்தம்மாவைப் பார்த்து, "இவளுக்கு ஒரு நீலச் சட்டை பூசி, கையில அரிவாளைக் கொடுத்தா கம்யூன் கிழவி ஆயிடுவா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மாடத்திலிருந்து அவளை இறக்கி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேமிக்கும் குழியில் வைக்கோல் போட்டு வைத்தோம். அவள் முழங்கை நீளம்தான், ஆனால் அப்பா இரண்டு கையாலும் தூக்கினார். ஊதுவத்திப் புகையில் முகம் கறுத்து, காது மடிப்பில் மட்டும் பழைய தங்கப்பூச்சு ஒட்டியிருக்கிறதே, அது வெளிச்சத்தில் மினுங்கியது.

குழியில் இறக்கும்போது முதுகில் பதித்த மரச்சில்லு ஆடியது. உள்ளே ஏதோ சரசரத்தது. உயிருள்ள ஒன்றைப் பிடித்ததுபோல எனக்குக் கை கூசிவிட்டது. "தொடாதே! திறந்தா அவ எழுந்து போயிடுவா. அப்புறம் இது வெறும் விறகு" என்று அப்பா அதட்டினார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவளைக் கொடுத்தால் அவளுக்கு ஆகாது. கொடுக்காவிட்டால் அப்பாவுக்கு ஆகாது. நான் என்ன செய்ய?

உன் தங்கை
ஹேமியாவ்


செப்டம்பர் 8

ஹேமியாவ்,

மிளகாய் கிடைத்தது. இந்த மாதிரி மிளகாய் இனி அனுப்பாதே. உன் அத்தான் பீங்கான் ஆலைக் கமிட்டியில் இருக்கிறார் என்பது தெரிந்தும் எழுதுகிறாயே, உனக்கு அறிவு எங்கே போனது?

எனக்கு ஏழு மாதம். முன்னே இரண்டும் தங்காமல் போனது உனக்குத் தெரியும். இரண்டு முறையும் அங்கே வந்து அவள் பாதத்தைத் தொட்டுப் போக நினைத்தேன். கட்டிக்கொடுத்த பெண் எதற்கு அடிக்கடி வருகிறாள் என்று மாமியார் கேட்டதும் வராமலே இருந்துவிட்டேன். இந்த முறை வரலாம் என்றால் அவளே இருக்கமாட்டாள் போலிருக்கிறது.

மரத்தைக் கொடுத்துவிடு. அப்பாவின் எலும்பு அதைவிடப் பெரிது. போன மாதம் எங்கள் தெருவில் ஒருவருக்குக் குல்லா மாட்டினார்கள். திரும்பி வந்தவர் பிறகு பேசவே இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உளுத்துப்போன உருவத்தை ஆற்றில் விடுவதற்குமுன் பெரியவர்கள் முதுகைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்துவிடுவார்கள். எடுத்தபின் அது மரம்தான், எரித்தாலும் அவளுக்கு வலிக்காது என்பார்கள். நீ பிறந்த மூன்றாம் நாள் அம்மாவும் அவள் முதுகைத் திறந்தாள். எனக்கு அப்போது ஆறு வயது. "வாசல்ல நில்லு, உங்க அப்பா வந்தா இருமு" என்றாள். நான் இருமிக்கொண்டே இருந்தேன். என்ன செய்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திறப்பதானால் கையைக் கழுவிக்கொண்டு திற. இதை எரித்துவிடு.

குய்யிங்


லுவோ வளைவு
செப்டம்பர் 10

அன்புள்ள அக்கா,

திட்டினாலும் பரவாயில்லை, இதை எழுதாமல் எனக்கு மூச்சு முட்டுகிறது. இந்த முறை உப்பிட்ட முள்ளங்கி.

இன்று மதியம் அப்பா செக்குக்குப் போனபின் குழியில் இறங்கினேன். கையை மூன்று முறை கழுவினேன். வாசலில் இருமுவதற்கு ஆள் இல்லை. சில்லை நகத்தால் நெம்பியதும், மூடி வைத்த மருந்துக்கடையைத் திறந்ததுபோல ஒரு வாசனை வந்தது. உள்ளங்கை அளவுதான் பொந்து. முதலில் ஒரு தேனீ இருந்தது அக்கா. காய்ந்த தேனீ. இறக்கை ஒடியவில்லை, காலில் மயிர்கூட அப்படியே இருக்கிறது. அவளுக்கு உயிர் கொடுக்க வைத்த தேனீ. அதன் அடியில் சிவப்பு நூலும் வேரும் சுருட்டிய காகிதமும் இருந்தன.

காகிதத்தைப் பிரித்ததும், யாரும் சொல்லாமலே மண்டியிட்டுவிட்டேன்.

மேலே பூசாரி கை, பெரிய எழுத்து. தாவோகுவாங் பேரரசர் காலத்துப் பன்னிரண்டாம் ஆண்டு, எட்டாம் மாதம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், நூற்று முப்பத்து நான்கு வருடம். "லுவோ வீட்டு மக்களாகிய நாங்கள், குவாங் குடியில் பிறந்த எங்கள் தாயின் உருவத்தைச் செதுக்கி, கண் திறந்து, கூடத்தில் அமர்த்தினோம். மழையும் விளைச்சலும் தரவேண்டும்." அவ்வளவுதான். அதன் கீழே ஆண்பிள்ளைகளின் பெயர்கள், நம் வம்சப் புத்தகத்தில் இருப்பவைதான்.

ஆனால் அது பாதிக் காகிதம். மீதிப் பாதியில் வேறு கைகள். பொடி எழுத்து, கோணல் எழுத்து, கரியால் எழுதியது, ஊசியால் கீறியதுகூட ஒன்று. எல்லாம் பெண்களின் பெயர்கள். இந்த வீட்டில் பிறந்து இந்த வாசல் வழியாக வெளியே போனவர்கள். புத்தகத்தில் "ஒரு மகள், துவான் குடிக்குப் போனாள்" என்று மட்டும் இருக்கும். இங்கே பெயர் இருக்கிறது. சின்னத் தாமரை, பனித்துளி, மூன்றாம்குட்டி, போதும்பெண். எண்ணினேன். நாற்பத்தொன்று. ஆறு தலைமுறை அம்மாக்கள் திருட்டுத்தனமாகத் திறந்து எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொருத்தியும் அடுத்தவளிடம் சொல்லிவிட்டுத்தான் செத்திருக்க வேண்டும். அத்தனை பேரையும் முதுகில் வைத்துக்கொண்டு நம் எதிரே ஒன்றுமே தெரியாதவள்போல உட்கார்ந்திருந்தாளே அக்கா!

நாம் அத்தை அத்தை என்று கூப்பிட்ட துவான் வீட்டு அத்தைக்கும் பெயர் இருந்திருக்கிறது. சியூயென். இலையுதிர்காலக் குருவி. எவ்வளவு அழகான பெயர். பஞ்ச வருடத்தில் பெயர்ப் பலகைகூட வைக்காமல் அவளைப் புதைத்தார்கள். கம்யூன் பதிவேட்டிலும் "லுவோ வீட்டாள்" என்றுதான் இருக்கிறது என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

கடைசி மூன்று வரி நம் அம்மாவின் கை. பென்சில். குளிர்கால இரவுப் பள்ளியில் கற்றுக்கொண்ட எழுத்து, பாதி கோடுகள் தப்பு. முதலில் குய்யிங். கடைசியில் ஹேமியாவ். இரண்டுக்கும் நடுவே ஷுவாங் என்று ஒரு பெயர், பக்கத்தில் "பதினோரு நாள்" என்று இருக்கிறது.

அக்கா, ஷுவாங் யார்?

உன் தங்கை
ஹேமியாவ்


செப்டம்பர் 12

என் கண்ணே ஹேமியாவ்,

ஷுவாங் என் தங்கை. உனக்கு அக்கா. உறைபனி விழுந்த அன்று பிறந்தாள். எனக்கு நாலு வயது. முதுகில் கட்டிக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன், வெதுவெதுப்பாக இருப்பாள். பன்னிரண்டாம் நாள் காலையில் முதுகு சில்லென்று இருந்தது. "இதைப் பத்தி இனி பேசக் கூடாது, பேசினா அடுத்தது தங்காது" என்றார்கள். பேசவில்லை. பதினாறு வருடமாகப் பேசாததால், அப்படி ஒருத்தி இருந்தாளா, நான் கனவு கண்டேனா என்றே சந்தேகம் வந்துவிட்டது. அம்மா எழுதி வைத்திருக்கிறாள்.

உன் கடிதத்தை எரிக்கவில்லை. எரிக்க முடியவில்லை.

மரத்தை நாளைக்குக் கொடுத்துவிடு. காகிதத்தையும் தேனீயையும் எனக்கு அனுப்பு. உன் அத்தானை நான் பார்த்துக்கொள்கிறேன். அவருக்குத் தெரிந்தால் தெரியட்டும். என் வயிற்றில் இருப்பது தங்கினாலும் தங்காவிட்டாலும் அதற்கு ஒரு பெயர் எழுத எனக்கு இடம் வேண்டும். செருப்பு அட்டைக்குள் வைத்துத் தைத்துவிடாதே. அவர்கள்மேல் யாரும் மிதிக்கக் கூடாது.

உன் அக்கா
குய்யிங்


லுவோ வளைவு
செப்டம்பர் 13, இரவு

அன்புள்ள அக்கா,

முடிந்துவிட்டது. விளக்குத் திரியைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா தூங்குகிறார், அல்லது தூங்குவதுபோல் படுத்திருக்கிறார்.

அவரே தூக்கி வந்தார். மூட்டையாகக் கட்டவில்லை. அம்மா செத்த அன்று அவளைக் கடைசியாகத் தூக்கியதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். மைதானத்தில் வம்சப் புத்தகங்கள் எரிந்துகொண்டிருந்தன. துவான் ஹோங் அவளை வாங்கினாள். நேராகத் தீயில் போடுவாள் என்று நினைத்தேன். அவள் முதலில் முதுகைத் திருப்பினாள் அக்கா. சில்லு இல்லாத பொந்துக்குள் விரலை விட்டாள். அவள் அம்மாவும் இந்த வீட்டில் பிறந்தவள்தானே, ஏதாவது சொல்லி வைத்திருப்பாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என்னைப் பார்த்தாள். "உள்ள இருந்தது எங்கடி?"

"எலி தின்னிருக்கும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

விரலை மெதுவாக வெளியே எடுத்தாள். அப்பாவின் கையை யாரோ ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள், காகிதக் குல்லா ஒருவன் கையில் தயாராக இருந்தது. அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி உரக்கச் சொன்னாள்: "பாத்தீங்களா தோழர்களே? கிழவிக்கு வயிறும் காலி, மண்டையும் காலி! இதைத்தான் நூறு வருஷமா கும்பிட்டிருக்கீங்க!" எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் கையை விட்டுவிட்டார்கள். அவள் மரத்தைத் தீயில் வைத்தாள். எறியவில்லை அக்கா, வைத்தாள்.

பிறகு நடந்ததை எப்படி எழுத என்று தெரியவில்லை. நூற்று முப்பத்து நான்கு வருட ஊதுவத்திப் புகை அந்த மரத்துக்குள் இருந்திருக்கிறது. அது தீப்பிடித்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. புத்தகம் எரிந்த நாற்றமெல்லாம் போய் மைதானம் முழுக்க மணம். கோஷம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் வாய் திறந்தபடி நின்றுவிட்டார்கள். கிழவர்கள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். அங்கே வைத்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன். வெறும் மரம் என்றுதானே சொன்னாய்? வெறும் மரமே அப்படி என்றால், உள்ளே இருந்தவள் எப்படிப்பட்டவள்!

ஹோங் மட்டும் கடைசிக் கரி அணையும்வரை நின்றாள். மற்றவர்கள் போனபிறகும் நின்றாள்.

உன் குழந்தைக்குப் புலிமுகத் தொப்பி தைத்து முடித்துவிட்டேன். காகிதம் உச்சியில், இரண்டு துணிக்கு நடுவே இருக்கிறது. தேனீயைப் பஞ்சில் சுற்றிப் புலியின் காதுக்குள் வைத்திருக்கிறேன். ஒரு மூலையை மட்டும் தைக்காமல் விட்டிருக்கிறேன், நீ பிரித்து எழுதுவதற்கு. விடிந்ததும் யாங் மாமா வருவார். தொப்பியை வெந்நீரில் போட்டுவிடாதே. இன்னொன்றும் கேட்கவேண்டும், உனக்கு வலி எடுத்தால் யார் பக்கத்தில்

கதவைத் தட்டுகிறார்கள்.

யாங் மாமா இந்நேரத்துக்கு வரமாட்டார். விளக்கை அணைக்கலாமா என்று பார்த்தேன், வெளிச்சம் தெரிந்திருக்கும். அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார், அசையாதே என்று கை காட்டுகிறார். தொப்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

திரும்பவும் தட்டுகிறார்கள். மெதுவாக, விரல் நுனியால்.

துவான் ஹோங்கின் குரல். கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசுகிறாள். "ஹேமியாவ், நான் மட்டும்தான் வந்திருக்கேன். பட்டையைக் கழட்டிட்டு வந்திருக்கேன்."

அழுகிறாள் அக்கா.

"எங்கம்மா பேர் அதுல இருக்கா?"

நான் கதவைத் திறக்கிறேன்.