இரண்டு பஸ் டிக்கெட்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

அடையாறு கல்லூரி விடுதியில் நான் வார்டனாகச் சேர்ந்த அதே வாரம் முதலாண்டில் சேர்ந்தவள் ஷெரில். நம் தூத்துக்குடிப் பெண். திங்களன்று பெட்டியோடு வந்து நின்றாள்.

“என்னால முடியல மிஸ், ஊருக்குப் போறேன்.”

“சனிக்கிழமை வரைக்கும் இரும்மா. அப்பவும் தோணுச்சுன்னா நானே கூட்டிட்டுப் போறேன்.”

துணைக்குப் போவதாகச் சொல்லி விடுப்பும் வாங்கி, இருவருக்கும் டிக்கெட் எடுத்தேன்.

சனிக்கிழமை சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். “மிஸ், நான் போகல! ரூம்ல எல்லாரும் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போறோம்!”

சந்தோஷம்தான். இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்தேன். என் பெட்டியைத்தான் இன்னும் பிரிக்கவில்லை.

உன் தலையணை உறை ஒன்றை அனுப்பம்மா. துவைக்க வேண்டாம்.

சாப்பாட்டு மணி அடிக்கிறது, பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

உன்
லூயிசா